டைனோசர் வரும் முன்பே கை வியர்ப்பது ஏன்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 'ஜுராசிக் பார்க்' படத்தை டிவியில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. டி-ரெக்ஸ் வேலியை உடைத்துக்கொண்டு வரும் காட்சியில் யார் சாவார், யார் பிழைப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் அந்த இடம் வந்தால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. இப்போது வரும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களில் ஊரையே இடித்துத் தள்ளினாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் இப்படி?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: காசு இருந்தால் ஊரை இடித்துவிடலாம். படபடப்புக்குத் தேவை ஒரு கணக்கு. ஆபத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில், நடுவில் என்ன தடுப்பு? இந்த மூன்றும் பார்க்கிறவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தத் தூரம் குறையக் குறைய வயிற்றைப் பிசையும். கட்டடங்கள் சரியும்போது நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்றே தெரியவில்லை என்றால் யாருக்காகப் பயப்படுவது?

1993-இல் வந்த அந்தப் படத்தை மறுபடி போட்டு, இந்த முறை டைனோசரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பாருங்கள். இயக்குநர் ஸ்பீல்பெர்க் பகலிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறார். கார்கள் வேலியோரம் வந்து நிற்கும், உள்ளே ஒரு ஆட்டைக் கட்டி வைத்துக் காட்டுவார்கள், டி-ரெக்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது, எல்லாருக்கும் ஏமாற்றம். ஆனால் அந்தச் சாக்கில் வேலி எங்கே, ஆடு எங்கே, கார் எங்கே என்று முழு இடமும் நம் தலைக்குள் ஏறிவிட்டது. ராத்திரி மழையில் கரண்ட் போய் அதே இடத்தில் கார்கள் நின்றுபோகும்போது யாரும் எதையும் விளக்கவேண்டியதில்லை. வேலியில் மின்சாரம் இல்லை என்பது நமக்குத் தெரியும், காரில் இருக்கும் குழந்தைகளுக்கு அது உறைப்பதற்கு முன்னாலேயே.

அப்புறம்தான் அந்தத் தண்ணீர். கார் டேஷ்போர்டு மேல் இரண்டு டம்ளர், தூரத்தில் 'தொம்' என்று ஒரு அதிர்வு, தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. காரில் பாட்டை அலறவிட்டால் கண்ணாடி அதிர்வதைக் கவனித்துத்தான் ஸ்பீல்பெர்க்குக்கு இந்த யோசனை வந்தது. அதைச் செய்துகாட்ட வேண்டிய எஃபெக்ட்ஸ் நிபுணர் மைக்கேல் லான்டியேரி திணறிப்போனார். எதைத் தட்டினாலும் அந்த ஒழுங்கான வட்டம் வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது கிடார் கம்பி. டம்ளருக்குக் கீழிருந்து கம்பியை இழுத்துக் கட்டி, அடியில் ஒரு ஆளைப் படுக்கவைத்து மீட்டச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் சாதனை என்று இன்றைக்கும் பேசப்படுகிற படத்தில் முதல் பயம் ஒரு கம்பியின் அதிர்வில் வருகிறது, பாருங்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே விடுகிற இடைவெளியையும் கவனிக்கவேண்டும். ஒன்று, நிறுத்தம், இன்னொன்று, மறுபடி நிறுத்தம். குக்கர் இரண்டு விசில் அடித்த பிறகு மூன்றாவதுக்காக அடுப்படியில் காதை நீட்டிக்கொண்டு நிற்போமே, அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்துவிடுகிறார். "ஆடு எங்கே?" என்று காரில் இருக்கும் சிறுமி கேட்கிறாள். ஆட்டின் கால் ஒன்று காரின் கண்ணாடிக் கூரை மேல் வந்து விழுகிறது. ஆட்டை அது அடித்ததை நாம் பார்க்கவே இல்லை. அடுத்து வேலிக் கம்பி மேல் ஒரு நகம், கம்பியைத் தொட்டும் ஷாக் அடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் தலை. நம் கணக்கில் இருந்த தடுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

இவ்வளவுக்கும் ஜான் வில்லியம்ஸின் இசை அந்தத் தாக்குதலில் ஒரு நொடிகூடக் கிடையாது. மழை, மூச்சு, தகரம் நசுங்கும் சத்தம், அவ்வளவுதான். இசை இருந்திருந்தால் 'இப்போது பயப்படு, இப்போது மூச்சு விட்டுக்கொள்' என்று நமக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கும். அது இல்லாததால் அடுத்த நொடி என்ன என்பதற்கு எந்தத் துப்பும் இல்லை. இசைக்குப் பதில் அந்த உறுமல் இருக்கிறது. சவுண்ட் டிசைனர் கேரி ரைட்ஸ்ட்ராம் குட்டி யானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து செய்தது. முழுப் படத்திலும் டைனோசர்கள் திரையில் இருப்பது மொத்தமே 15 நிமிடம் அளவுக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே காட்சியில் ஒரு ஓட்டை. டி-ரெக்ஸ் சமதரையில் நடந்து ரோட்டுக்கு வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே பக்கம் காரைத் தள்ளும்போது மட்டும் அங்கே ஆழமான பள்ளம்! ஸ்பீல்பெர்க் என்றால் கேள்வி கேட்கக்கூடாதா?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம், ஓட்டை ஓட்டைதான். பள்ளம் இந்தப் பக்கம், சமதரை அந்தப் பக்கம் என்று வரைபடம் போட்டுக் காப்பாற்றப் பார்த்த ரசிகர்கள் உண்டு. படத்துக்குள் விளக்கம் எதுவும் இல்லை. இடம் தெரிந்தால்தான் பயம் வரும் என்று மேலே நான் எழுதியதற்கே இது எதிராகப் போகிறதே என்று மடக்குவீர்கள்.

ஆனால் அந்த நேரத்தில் நாம் அளந்துகொண்டிருப்பது தரையை இல்லை. வாய்க்கும் காருக்கும் எவ்வளவு தூரம், டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கம் திரும்புகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கண்ணுக்குள் பாவை சுருங்குகிறதா என்பதைத்தான். அந்த அளவில் ஒரு பிசகும் இல்லை. எந்த ஷாட்டை எடுத்தாலும் இரண்டு கார்களுக்கும் நடுவே அந்த மிருகம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பள்ளம் வரும்போது நமக்குச் சுவரில் தொங்குகிறவர்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. எடிட்டிங் டேபிளில் இதை ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தேதான் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கேள்வி: ஹீரோ ஸ்லோ மோஷனில் நடந்து வர, பின்னால் விண்கலம் வெடிக்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதில் டென்ஷன் இருக்கிறதா, இல்லையா?
- சேலம் வாசகர்

பதில்: அவரே பயப்படவில்லை, உங்களுக்கு என்ன சார்?

கேள்வி: விண்வெளியில் காற்றே இல்லை, சத்தம் கேட்காது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். படங்களில் மட்டும் குண்டு வெடித்தால் தியேட்டரே அதிர்கிறது. சத்தமே இல்லாமல் எடுத்தால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்ற பயமா?
- வேலூர் வாசகர்

பதில்: அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் 2013-இல் அல்ஃபோன்சோ குவாரோன் 'கிராவிட்டி' எடுத்து அதை உடைத்துக் காட்டினார். பூமிக்கு மேலே 600 கிலோமீட்டர், சத்தத்தைச் சுமந்து செல்ல எதுவும் இல்லை என்று எழுத்திலேயே போட்டுத்தான் படம் தொடங்கும். போடும்போது இசை ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று அறுந்து நிசப்தம். இனிமேல் விதி இதுதான் என்று நம் காதுக்குச் சொல்லியாயிற்று.

அதற்கப்புறம் நமக்குக் கேட்பதெல்லாம் ரேடியோவில் வரும் குரல், மூச்சு, இசை, கூடவே உடை வழியாக உடம்புக்குள் வரும் அதிர்வு. நாயகி ஒரு கருவியைக் கையில் பிடித்திருந்தால் அதன் சத்தம் அமுங்கி, கையைத் தொட்ட அளவுக்கு மட்டும் கேட்கும். விட்டுவிட்டால் அதுவும் இல்லை. விண்வெளிக் குப்பை மொத்தமாக வந்து ஒரு விண்வெளி நிலையத்தைக் கிழித்துப் போடுகிறது, மோதும் சத்தம் கொஞ்சமும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குக் கேட்காது, நமக்கோ தெரிகிறது! சத்தம்தான் மனிதனுக்கு முன்னெச்சரிக்கை, அதைப் பிடுங்கிக்கொண்டால் திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. போதாததற்கு அந்தக் குப்பை பூமியைச் சுற்றி 90 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும் என்று ஒரு கடிகாரத்தையும் நம் கையில் கட்டிவிடுகிறார்கள். சும்மா மிதந்துகொண்டிருக்கும் காட்சியில்கூட நிம்மதியாக உட்கார முடியாது.

'இன்டர்ஸ்டெல்லர்' படத்திலும் (2014) இப்படி ஒரு இடம். மாட் டேமன் சரியாகப் பொருந்தாத கதவைத் திறந்துகொண்டு பெரிதாக ஏதோ தத்துவம் பேசுவார், வாக்கியத்தின் நடுவிலேயே வெடிக்கும், வெளியிலிருந்து பார்க்கும் ஷாட்டில் துளி சத்தம் கிடையாது. அதற்கு அடுத்து, சுழலும் விண்கலத்தோடு போய் ஒட்டவேண்டிய காட்சியில் ஹான்ஸ் ஸிம்மரின் ஆர்கன் இசை அவ்வளவு பெரிதாக ஒலிப்பதற்குக் காரணம் அதற்கு முன்னால் இருந்த அந்த மௌனம். லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கும் நிஜ பைப் ஆர்கனில் பதிவு செய்தது, அந்த வலு தனி.

கேள்வி: வேகமாக வெட்டினால் விறுவிறுப்பா, வெட்டாமல் ஒரே ஷாட்டாக விட்டால் விறுவிறுப்பா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) படத்தில் சுமார் 2,700 ஷாட்கள். எடிட்டர் மார்கரெட் ஸிக்ஸல் 480 மணி நேரக் காட்சிகளிலிருந்து பொறுக்கி எடுத்து ஆஸ்கர் வாங்கினார். அவ்வளவு வெட்டியும் கண் குழம்பாததற்குக் காரணம், பார்க்கவேண்டிய விஷயத்தை எப்போதும் ஃபிரேமின் நடுவிலேயே வைத்துப் படம்பிடிக்க வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் மில்லர் பிடிவாதமாக இருந்ததுதான். ஷாட் மாறினாலும் கண் அலைய வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006), இதுவும் குவாரோன்தான். குழந்தையே பிறக்காத 2027-ஆம் ஆண்டு பிரிட்டன். ஐந்து பேர் ஒரு காரில் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள், வாயால் பந்தை ஊதி விளையாடுகிறார்கள், காட்டிலிருந்து எரியும் கார் ஒன்று உருண்டு வந்து வழியை அடைக்கிறது, கும்பல் ஓடி வருகிறது, பைக்கில் வருகிறவன் சுடுகிறான். கிட்டத்தட்ட 4 நிமிடம், வெட்டே இல்லாத மாதிரி. உண்மையில் சில துண்டுகளைக் கணினியில் ஒட்டியிருக்கிறார்கள், அது பரவாயில்லை. இதற்கென்றே காருக்கு மேலே கேமராவை நகர்த்தும் ஒரு அமைப்பைக் கட்டி, கேமரா கடக்கும்போது நடிகர்கள் விலகிச் சாய வசதியாக இருக்கைகளையும் மாற்றினார்கள். நாம் ஆறாவது ஆளாக உள்ளே மாட்டிக்கொள்கிறோம். வெட்டு வந்தால் வெளியே போய் மூச்சு விடலாம், இங்கே வெட்டும் வரமாட்டேன் என்கிறது.

எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் இப்படி வெட்டாமல் நீளமாக, லாங் டேக் எடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காகவே லாங் டேக் எடுப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள், அவர்களைக் கண்டால் கத்தரிக்கோலைக் கொடுக்கத் தோன்றுகிறது.

கேள்வி: மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டினால் சஸ்பென்ஸ் என்று ஹிட்ச்காக் சொன்னதையே எல்லாரும் சொல்கிறார்கள். வேறு உதாரணம் உண்டா?
- காரைக்குடி வாசகர்

பதில்: ஒரு ஆணி. 'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தில் துணி மூட்டையை மாடிப்படியில் இழுக்கும்போது ஒரு ஆணி மாட்டி நிமிர்ந்து நிற்கும். சத்தம் போட்டால் அந்த ஜந்துக்கள் வந்துவிடும், வீட்டில் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள், அந்த அம்மாவோ நிறைமாத கர்ப்பிணி. அதற்கப்புறம் படியில் யார் கால் வைத்தாலும் நம் பாதம் கூசும்.

கேள்வி: நண்பர்களோடு 10 நிமிட சயின்ஸ் ஃபிக்‌ஷன் குறும்படம் எடுக்கிறோம். வேற்றுக்கிரகத்து ஜந்து துரத்தவேண்டும். கையில் ஒரு ஹாஸ்டல் வராந்தா, ஒரு டார்ச், இரண்டு நடிகர்கள். கிராஃபிக்ஸுக்குக் காசில்லை. என்ன செய்ய?
- மதுரை கல்லூரி மாணவர்

பதில்: ஜந்துவைக் காட்டாதீர்கள், எண்ணைக் காட்டுங்கள். ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' (1986) பாருங்கள். கதவுகளையெல்லாம் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு வீரர்கள் உள்ளே காத்திருக்கிறார்கள், மின்சாரம் போய்ச் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கையில் ஒரு கருவி, அசைவு எவ்வளவு தூரத்தில் என்று மீட்டரில் காட்டும், 'பீப் பீப்' என்று கத்தும். ஒருவன் எண்ணைப் படித்துக்கொண்டே வருகிறான். எண் குறைகிறது, கதவைப் பார்க்கிறார்கள், கதவில் அசைவே இல்லை. இன்னும் குறைகிறது. இந்தக் கணக்குப்படி அது அறைக்குள்ளேயே இருக்கவேண்டுமே, கருவி தப்பா, படிக்கிறவன் தப்பா என்று வாய்ச்சண்டை. பிறகுதான் எல்லார் கண்ணும் மெதுவாக மேலே போகிறது, கூரைத் தகட்டுக்கு.

கருவி பொய் சொல்லவில்லை. அது தூரத்தைச் சொன்னது, உயரத்தைச் சொல்லவில்லை. நாமும் அவர்களோடு சேர்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குத் தேவைப்பட்டது வியர்த்த முகங்கள், ஒரு சத்தம், ஒரு எண். நூற்றுக்கணக்கில் ஏலியன்கள் இருப்பதாக நம்பவைத்த அந்தப் படத்திலும் கையில் இருந்த ஏலியன் உடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

உங்கள் வராந்தாவுக்கு வருவோம். முதலில் வெளிச்சம் இருக்கும்போது கேமராவை ஒரு கோடியில் வைத்து முழு வராந்தாவையும் ஒரு வைடு ஷாட்டில் காட்டிவிடுங்கள், கதவுகளின் எண்கள் தெரியவேண்டும். ராத்திரியில் அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம், கடைசி அறையிலிருந்து தொடங்கி. உள்ளே ஒளிந்திருக்கும் இருவரும் அறை எண்ணை வாய்க்குள் எண்ணட்டும், 12, 11, 10. அவர்கள் ஒளிந்திருப்பது 7-ஆம் எண் அறை என்பதை முன்பே காட்டியிருக்கவேண்டும். 8-க்கு அப்புறம் சத்தம் வரவே கூடாது. எவ்வளவு நேரம் அந்த அமைதியைப் பிடித்து வைக்கலாம் என்பதை எடிட்டிங்கில் முடிவு செய்யுங்கள். சத்தத்தைத் தனியாக, விசாலமான ஒரு மாடிப்படியில் நல்ல மைக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பினால் மின்விசிறி சத்தம்தான் வரும். முடிந்ததும் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.