பூதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மர்மம் ஏது?

கேள்வி: மாயக்கதை நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். பஃபலோ சாலையில் பூமாலை கட்டும் கயலுக்குச் சிங்கப்பூர் ஆற்றுப் பூதம் சிநேகமாகிறது. திருட்டுப்போன பழங்காலக் கல்துண்டு ஒன்றைத் தேடும்போது, அரும்பொருளக ஊழியன் மாறன்மீது அவளுக்குக் காதல் வருகிறது. "காதல் வந்ததும் திருட்டை மறந்துவிடுகிறாய், கடைசியில் பூதமே திருடனைக் காட்டிக்கொடுப்பது ஏமாற்று வேலை" என்கிறார்கள் தோழிகள். கலகலப்புக் கெடாமல் எப்படிச் சரிசெய்வது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தோழிகள் சொல்வது சரிதான். எல்லாம் தெரிந்த பூதம் இருக்கும் கதையில் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது. அதன் சக்திக்கு ஓர் எல்லை போடுங்கள். அந்த எல்லையைத் தொடக்கத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். இதற்கு ஊரே வழி காட்டுகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வருவது நின்று, ஆறு நன்னீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. உங்கள் பூதம் அணைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். ஆற்றில் நடப்பது மட்டும் அதற்குத் தெரியட்டும். பழைய உப்புத்தண்ணீரை நினைத்து அது மனதாரப் புலம்பினாலே போதும், கலகலப்புத் தானாக வரும்.

கல்லையும் நீங்கள் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற எழுத்துப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை எவரும் படித்தறியவில்லை. பாடாங் என்ற பலசாலி எறிந்த கல் அது என்பது மலாய் மரபுக் கதை. அவனுக்குப் பலம் கொடுத்ததும் ஒரு பூதம்தான்! சிதறிய வேறொரு துண்டு, கயலின் கடையில் தார்ப்பாய் பறக்காமலிருக்கப் பாரமாகக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காதலுக்கு வருகிறேன். உங்கள் நாவல் இடறுவது இங்கேதான். ஓர் அத்தியாயம் காதலுக்கு, அடுத்தது திருட்டுக்கு என்று பங்கு பிரித்தால் இரண்டும் இளைத்துப்போகும். ஒரே தடயம் இரண்டையும் கிளறிவிட வேண்டும். கயல் பூக்காரி, அவளுடைய மூக்குக்குத் தப்புவது எதுவும் இல்லை. கல் காணாமல் போன மறுநாள் மாறன் வருகிறான். அவன் சட்டையில் மரிக்கொழுந்து வாசனை. அவள் கடையில் அன்று மரிக்கொழுந்தே இல்லை. வேறு கடையில் யாருக்குப் பூ வாங்கினான்? "நேற்று எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்கிறாள். "வீட்டில்தான் இருந்தேன்" என்கிறான். கேட்டது காதலியா, துப்பறிபவளா என்று அவளுக்கே தெரியாது. நார் கையில் இறுகுகிறது, மல்லிகை ஒன்று காம்போடு முறிகிறது. அந்த இடத்தில் வாசகர் புத்தகத்தை மூடமாட்டார்.

மாறன் ஏன் பொய் சொன்னான் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காரணம் திருட்டோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும், ஆனால் அவன் திருடனாக இருக்க வேண்டாம். கடைசி அத்தியாயத்தில், நள்ளிரவில் படகில் என்ன போனது என்று மட்டும் பூதம் சொல்லட்டும். யார் கொண்டுபோனார்கள் என்பதைக் கயலே கண்டுபிடிக்கட்டும். முதலில் அந்த மரிக்கொழுந்துக் காட்சியை எழுதி, அதே தோழிகளிடம் படிக்கக் கொடுங்கள்.