காண்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதம்: பி.எஃப். எடுக்கவா, நகையைப் பணயம் வைக்கவா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் வீடு. வயது 36. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒரு வெண்டர் (கம்பெனிகளுக்கு ஆள் தரும் இடைநிறுவனம்) வழியாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் காண்ட்ராக்டில் இருந்தேன். மாதம் 85,000 ரூபாய் பில், 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக 76,500 கையில் வரும். 2025 டிசம்பரோடு காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நவம்பர், டிசம்பர் பில் பணம் இன்னும் வரவில்லை. மூன்று மாதமாகத் தேடுகிறேன், ஒன்றும் அமையவில்லை. கையில் எஃப்.டி. 1,40,000. பழைய கம்பெனி பி.எஃப். 3,10,000 (4 வருடம் 2 மாதம் வேலை). மனைவியின் நகை 14 பவன். கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ.யில் 5 லட்சம் சிட்டி (ஏலச் சீட்டு), 50 தவணையில் 22 கட்டியாயிற்று, இன்னும் பிடிக்கவில்லை (ஏலத்தில் எடுக்கவில்லை). வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 18,400, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்ட் மாதத் தவணை) 5,000, கிரெடிட் கார்டு பாக்கி 46,000. வீட்டுச் செலவு 32,000. சென்னையில் 55,000க்கு ஒரு வருட காண்ட்ராக்ட் பேசுகிறார்கள். ஆபீசுக்குப் போய்த்தான் வேலை செய்ய வேண்டும், இடையில் விலக 90 நாள் நோட்டீஸ். பி.எஃப். எடுக்கவா, நகை வைக்கவா, சிட்டி பிடிக்கவா, சென்னைக்குப் போகவா?

பதில்: நான்கு வழி கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு முன்னால் நிற்கும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பணம் 2,29,500 ரூபாய் வெளியே கிடக்கிறது. வெண்டர் பாக்கி 1,53,000, பிடித்த டி.டி.எஸ். 76,500. கடன் வாங்குவதும் சேமிப்பை உடைப்பதும் இதை வசூலிக்க முயன்ற பிறகுதான்.

டி.டி.எஸ்.ஸை முதலில் பாருங்கள். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாத பில் 7,65,000. தகவல் தொழில்நுட்ப வேலை வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவுக்குள் வரும்; மொத்த வரவில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டமே பொருந்தும் என்பதால் பிரிவு எண்ணில் குழப்பம் வேண்டாம். பாதி என்றால் 3,82,500. எஃப்.டி. வட்டி சில ஆயிரம் சேர்ந்தாலும் புதிய வரிமுறையின் 4 லட்சம் அடிப்படை விலக்குக்குள் நிற்கும். வரி பூஜ்யம், பிடித்த 76,500 முழுவதும் ரீஃபண்ட். ஐ.டி.ஆர்.-4 படிவம் திறந்ததும் தாக்கல் செய்யுங்கள், கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இதைச் சம்பளமாகக் காட்டி ஐ.டி.ஆர்.-1 போடுவது காண்ட்ராக்ட் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்படிப் போட்டால் பாதி வருமானம் என்ற சலுகை போய்விடும், 26ஏ.எஸ்.ஸில் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியல்) இருப்பதோடு பொருந்தாமல் நோட்டீஸும் வரும். வங்கிக் கணக்கை வருமான வரித் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். ரீஃபண்ட் திரும்பிப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

26ஏ.எஸ்.ஸைத் திறக்கும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும். அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக்கான டி.டி.எஸ். கணக்கை வெண்டர் ஜனவரி 31க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் பில்லுக்கான 17,000 அங்கே தெரிந்தால், உங்கள் பில்லை அவர்கள் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். 'பில்லில் பிரச்சினை' என்று பிறகு சொல்ல முடியாது. தெரியாவிட்டால் பில் இன்னும் அவர்கள் மேசையிலேயே கிடக்கிறது. அந்த 17,000 ரீஃபண்டிலும் அதுவரை வராது.

அடுத்தது வெண்டர் பாக்கி. போனில் கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பில் எண், தேதி, தொகை, மேனேஜர் ஒப்புதல் கொடுத்த டைம்ஷீட், இவற்றை ஒரே மெயிலில் இணைத்து, பணம் வர வேண்டிய தேதி கடந்து எத்தனை நாள் என்று எழுதி அனுப்புங்கள். 'கிளையண்ட் இன்னும் தரவில்லை' என்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் கிளையண்ட் கொடுத்தால்தான் தருவோம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதில் செல்லாது.

இன்றே உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. பதிவு பெற்ற குறுந்தொழில் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: வெண்டர் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், சப்ளை செய்பவர் தமிழ்நாட்டில் இருப்பதால் புகார் தமிழ்நாட்டில் பாக்கித் தகராறை விசாரிக்கும் கவுன்சிலிலேயே நடக்கும். பழைய இரண்டு பில் பதிவுக்கு முந்தியவை, அவற்றுக்கு இது உறுதியாக நிற்கும் என்று நம்பி இருக்காதீர்கள்; இனிமேல் அனுப்பும் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். பதிவு பெற்றவர்களின் பாக்கியை அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத கம்பெனிக்கு அந்தச் செலவை அந்த வருடம் வரியில் கழிக்க முடியாது. அதனால் மார்ச்சில் அவர்களே கூப்பிட்டுப் பணம் தருவதும் உண்டு.

'மாநிலம் தாண்டி பில் போடுகிறாய், ஜி.எஸ்.டி. கட்டாயம்' என்று சில வெண்டர்கள் சொல்வார்கள். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் வரை கட்டாயமில்லை, வெளிமாநிலக் கம்பெனிக்குச் செய்தாலும்.

இப்போது செலவு. எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள், யூனிட்டை விற்க வேண்டாம், தவணையை மட்டும் நிறுத்தினால் போதும். கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் வங்கி ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும். வீட்டுச் செலவை 27,000க்குக் கொண்டுவந்தால், இ.எம்.ஐ. 18,400, வீதப்பலிசை (சீட்டில் கிடைக்கும் லாபப் பங்கு) கழித்து சிட்டி சுமார் 8,000, மருத்துவக் காப்பீடும் டெர்ம் பாலிசியும் சேர்ந்து 2,600 என்று வைத்தாலும் மாதம் 56,000. எஃப்.டி. மட்டும் என்றால் இரண்டரை மாதம் தாங்கும். பாக்கியும் ரீஃபண்டும் வந்தால் 3,69,500, அதாவது ஆறரை மாதம். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் வசூலை முதலில் வைத்தேன். காப்பீட்டுப் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். வேலை இல்லாத வேளையில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் 14 பவனும் போதாது.

நகையைப் பணயம் வைக்கலாம், ஆனால் 50,000க்கு மட்டும், ஒரே காரணத்துக்காக: கிரெடிட் கார்டை முடிக்க. கார்டு வட்டி மாதம் 3.5% என்றால் 46,000க்கு 1,610. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாதம் 1,900. 'மினிமம் டியூ' (கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் அசல் அசையாது. அதே 46,000க்கு வங்கி நகைக்கடன் 9% என்றால் மாதம் 345. குறைந்தது மூன்று இடத்தில் வட்டி கேளுங்கள். சந்தியில் இருக்கும் தனியார் கடையில் சீக்கிரம் முடியும், வட்டி இரண்டு மடங்காகவும் இருக்கலாம். 2.5 லட்சத்துக்குள் வருமான விவரம் தோண்ட வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கி 2025இல் கொண்டுவந்த விதி; வேலை இல்லாததை மறைக்க அவசியமில்லை. எடை போடும்போது நீங்களோ மனைவியோ கூடவே நில்லுங்கள், கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு கூடுதல் தேவைப்பட்டால் வேறு நகையைத் தனிக் கணக்காக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக வைத்தால் ஒரு வளையலை மீட்கக் கூட முழுக் கடனையும் அடைக்க வேண்டிவரும். வட்டியை மாதாமாதம் கட்டுங்கள். ஒரு வருடம் கழித்து மொத்தமாகத் தருகிறேன் என்பதில்தான் நகைகள் ஏலத்துக்குப் போகின்றன.

சிட்டியைப் பிடிக்க வேண்டாம். இப்போது தள்ளிப் பிடித்தால் (ஏலத்தில் தள்ளுபடி கேட்டு எடுத்தால்), 30% தள்ளுபடி என்றால் 3.5 லட்சம்தான் கைக்கு வரும். அதற்கும் ஜாமீன் காட்ட வேண்டும். சம்பளச் சான்று இல்லாத உங்களிடம் நிலமோ நகையோ கேட்பார்கள். அதன்பின் 28 தவணை கட்டாயமாகும். நிறுத்தவும் வேண்டாம், தவணை தவறினால் வீதப்பலிசை போகலாம். ரொம்ப முடியாத கட்டத்தில், கட்டிய தவணைகளின் மேல் கடன் கிடைக்குமா என்று கிளையில் கேளுங்கள்.

பி.எஃப். கடைசி. வேலை இல்லாதபோது எடுக்க வழி உண்டு என்பது உண்மை. ஆனால் உங்கள் சர்வீஸ் ஐந்து வருடத்துக்கு 10 மாதம் குறைவு. இப்போது எடுத்தால் கம்பெனி பங்கும் வட்டியும் வருமானமாகும், 50,000 எட்டினால் 10% பிடிப்பார்கள். அடுத்த வேலையில் பி.எஃப். இருந்து அங்கே மாற்றினால் பழைய சர்வீஸும் சேரும், ஐந்து வருடம் நிறையும். 2024-25க்கு வட்டி 8.25%, அதைவிடக் கொஞ்சமே கூடுதல் வட்டியில் நகைக்கடன் கிடைக்கும்போது பி.எஃப்.பைக் கரைப்பது நஷ்டம். பென்ஷன் பகுதியைத் தொடவே தொடாதீர்கள், எடுத்தால் அந்த நாலு வருட சர்வீஸ் அழிந்துவிடும். பழைய கம்பெனி வேலை விட்ட தேதியை ஏற்றியிருக்கிறதா என்று மட்டும் இப்போதே யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) தளத்தில் பாருங்கள்.

வீட்டுக் கடனில் ஒரு தவணையும் தவறவில்லை என்றால், இப்போதே வங்கிக்குப் போய்க் காலத்தை நீட்டிக் கேளுங்கள். 90 நாள் பாக்கியானால் வாராக்கடன். அதற்குப் பிறகு பேசும் குரலே வேறு. ஒழுங்காகக் கட்டுகிறவர் கேட்பதைத்தான் மேனேஜர் மேலே அனுப்புவார்.

சென்னை வேலை. 55,000இல் தங்கல், சாப்பாடு, ஊர்ப் பயணம் என்று 19,000 போனால் 36,000. மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் போய்வர ரயில் சீசன், பஸ் என்று 3,000 வைத்தால், அங்கே 40,000 கிடைப்பதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வருடத் தேவை 6,72,000. காண்ட்ராக்டில் வருடத்துக்கு எட்டு மாதம்தான் பில் ஓடும் என்று எடுத்தால் மாத ரேட் 84,000 வேண்டும். 85,000 சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம். சென்னையில் பன்னிரண்டு மாதமும் ஓடினாலும் மிச்சம் 4,32,000. அதனால் ஒரு வருடக் கட்டும் 90 நாள் நோட்டீஸும் கூடாது. மூன்று மாதம், 15 நாள் நோட்டீஸ், பணம் 30 நாளில் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் போங்கள், எஃப்.டி. கரைவது பாதிக்குமேல் குறையும், அங்கிருந்து தேடலாம். ஒரு வருடம்தான் என்று பிடித்தால் விடுங்கள். சந்தை மந்தமான நேரத்தில் ஒத்துக்கொண்ட ரேட், அடுத்த வெண்டர் கேட்கும் 'கடைசி ரேட்' ஆகிவிடும்.

தேடும்போது எந்த கிளையண்டுக்கு, எந்த வெண்டர், எந்தத் தேதியில், என்ன ரேட்டில் உங்கள் பெயரை அனுப்பினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே கிளையண்டுக்கு இரண்டு வெண்டர் அனுப்பினால் பெரும்பாலும் இருவரையும் தள்ளிவிடுவார்கள். 'உங்கள் பெயரை அனுப்பலாமா' என்று மெயிலில் கேட்டு, நீங்கள் சரி சொன்ன பிறகே அனுப்ப வேண்டும் என்று வெண்டரிடம் கறாராகச் சொல்லுங்கள். லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் அந்தப் பணம் வேறு கணக்குக்குத் தாவிவிடும்.