மழைக்கு மறையும் படம், மாதம் முடியுமுன் தீரும் காசு

சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) ஓய்ந்து மாரி தொடங்கினால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி டிஷ் அன்டெனா பற்றியதாகிவிடும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீண்டவற்றைச் சுருக்கித் தருகிறேன். நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை ஒன்றுதான்.

கேள்வி: வானம் இருட்டிக்கொண்டு வந்து நாலு துளி விழுந்தாலே எங்கள் ரீவியில் 'நோ சிக்னல்' வந்துவிடும். கஸ்டமர் கெயாருக்கு எடுத்தால், "மழைக்கு அப்படித்தான் அம்மா, விட்டதும் வரும்" என்கிறார்கள். வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டிலும் அதே நிறுவனத்து டிஷ்தான். அவர்களுக்கு நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களைப் பேய்க்காட்டுகிறார்களா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அவர்கள் சொன்னது பொய்யில்லை அம்மா, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலுமில்லை. டிஷ்ஷுக்கு வரும் அலை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியிலிருந்து வருகிறது. அதன் அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். கனமழையின் துளிகள் அதைக் குடிக்கும், சிதறடிக்கும். கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது படம் கொஞ்ச நேரம் போய்வருவதை எந்த நிறுவனமும் முற்றாக நிறுத்த முடியாது. தூறலுக்கே போகிறது, பக்கத்து வீட்டில் நிற்கிறது என்றால் கோளாறு உங்கள் கூரையில் இருக்கிறது.

நல்ல வெயில் நேரத்தில் ரிமோட்டில் மெனுவுக்குள் போய் சிக்னல் பக்கத்தைத் திறவுங்கள். இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று பலம், மற்றது தரம். பலம் நிறைய, தரம் குறைய என்றால் பெரும்பாலும் டிஷ் திசை மாறி நிற்கிறது. ஒரு பாகை விலகினாலே போதும், வெயிலுக்கு ஒருமாதிரி சமாளித்து ஓடும், மழை வந்தால் தாங்காது. ஏன் விலகியது என்று பூட்டியவரைத் திட்டுமுன் ஒருக்கால் மேலே பாருங்கள். வீட்டுத்திட்ட வீடுகளில் பலர் டிஷ்ஷைக் கூரைத்தகட்டுச் சட்டத்திலேயே முறுக்கிவிடுகிறார்கள். சோளகம் மாதக்கணக்காக ஆட்டினால் ஆணி இளகாமல் என்ன செய்யும்? காட்டோரம் என்றால் குரங்குகள் வேறு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் ஏறி உட்கார்ந்து ஒரு துள்ளுத் துள்ளினால் உங்கள் டிஷ் வேறு செய்மதியைப் பார்க்கும். நிலத்தில் கொங்கிறீட் போட்டு நட்ட இரும்புக் குழாய்தான் வன்னிக்குச் சரி. கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

அடுத்தது வயர் முனை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் (அலையைப் பிடிக்கும் சின்னக் கருவி) வயர் திருகும் இடத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுச் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், சுற்றியிருக்கும் வெள்ளிப் பின்னல் கறுத்துப் பொடியாகும். அப்படியென்றால் தண்ணீர் இறங்கிவிட்டது. வெட்டிப் போட்டுப் புதுமுனை பூட்டினால் மழைத் தொல்லை பாதி தீரும். ரப்பர் உறை போடுவதை மறக்கிற ஆட்கள் அதிகம், நின்று பார்த்துச் செய்விக்க வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளையமாகக் கீழே தொங்கவிட்டால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பக்கத்தில் தென்னை நிற்கிறதா? பூட்டிய வருடம் எட்டாத ஓலை இப்போது குறுக்கே வந்திருக்கலாம். காய்ந்த ஓலையை விட ஈரம் சொட்டும் ஓலைதான் சிக்னலுக்குக் கூடாது.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கடையில் இந்தியப் பெட்டி வாங்கினேன். "ஆறு மாதத்துக்கு ஒன்றாகக் கட்டினால் மலிவு, ஃபுல் பேக்" என்றார்கள், கட்டினேன். இரண்டாம் மாதமே தமிழ் சனல்கள் பல மறைந்தன, பிறகு படமே நின்றுவிட்டது. கடைக்காரர் "கொம்பனிக்காரன் புளொக் பண்ணிட்டான், நான் என்ன செய்ய" என்கிறார். இந்தியாவிலுள்ள அந்த நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதலாமா? (வாசகர், தருமபுரம்)

பதில்: எழுதலாம், ஆனால் யார் நீங்கள் என்று கேட்பார்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் இல்லை. இந்திய டி.ரி.எச். நிறுவனங்களுக்கு (செய்மதியிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்குச் சனல் தருபவை) உள்ள அனுமதி இந்தியாவுக்குள் சேவை கொடுக்கத்தான். செய்மதியின் வீச்சு பாக்கு நீரிணையில் நின்றுவிடாது என்பதால் இங்கும் படம் விழுகிறது, அவ்வளவுதான். உங்கள் பெட்டி தமிழ்நாட்டு முகவரியில் யாரோ ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கோடு இணைத்த கைபேசி இலக்கம் முகவரிடமோ அவருக்கு மேலுள்ள முகவரிடமோ இருக்கும். எவ்வளவு காசு போட்டார்கள், எந்தப் பேக் போட்டார்கள் என்று பார்க்க நீங்கள் செயலியைத் திறந்தால் ஒருமுறைக் கடவெண் (ஓ.ரி.பி.) அந்த இலக்கத்துக்குத்தான் போகும். ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியின் சாவி உங்கள் கையில் இல்லை.

சனல்கள் ஒவ்வொன்றாக மறைந்ததற்கும் விளக்கம் இருக்கிறது. 2019 பெப்ரவரியிலிருந்து இந்தியாவில் சனல் சனலாக விலை வைத்துத் தெரிவுசெய்யும் முறை வந்தது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் எந்தச் சனலையும் சேர்க்கலாம், கழற்றலாம். முதல் மாதம் பெரிய பேக், அடுத்த மாதம் சின்னப் பேக் என்று போட்டுவிட்டு வித்தியாசத்தைச் சட்டைப் பைக்குள் வைக்கிற முகவர்களும் உண்டு. உங்கள் கடைக்காரர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவரையே மேலேயுள்ளவர் ஏமாற்றியிருக்கவும் கூடும். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. காசை வாங்கியவர் அவர், உங்கள் கேள்வி அவரிடம்தான்.

எப்படிக் கேட்பது? பற்றுச்சீட்டு இருக்கிறதா பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வட்ஸ்அப்பில் "ஆறு மாதக் காசு கிடைத்தது" என்ற மாதிரி அவர் போட்ட செய்தி, வங்கிச் சிட்டை, எதையாவது தேடி எடுங்கள். மிச்ச மாதங்களின் காசைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். தராவிட்டால் அதிகார சபைக்கு முறைப்பாடு. அதுவும் எழுத்தில், பொருளை விற்ற அல்லது சேவை கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். "தம்பி தருவான், பொறுப்பம்" என்று இருந்துவிட்டு நாலாம் மாதம் போனால் கதவு மூடியிருக்கும். அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. எங்கே கொடுப்பது என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டாலும் வழிகாட்டுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு இங்கே அனுமதி இல்லை என்பதால், காசைக் கேட்கலாமே தவிர சேவையைத் திரும்பத் தரச் சொல்லி எந்த அலுவலகமும் உத்தரவிடாது. எவ்வளவு சொன்னாலும் எங்கள் சனம் இந்தியப் பெட்டியை விடப் போவதில்லை, நாடகங்களும் பாட்டுப் போட்டிகளும் அதில்தானே கிடக்கின்றன. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மாதம் மாதம் மட்டும் கட்டுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மலிவு சொல்பவரின் பேச்சை நம்பி மொத்தமாகக் கட்டாதீர்கள். பெட்டி வாங்கும் நாளிலேயே வாடிக்கையாளர் இலக்கத்தை எழுதி வாங்கி, பேக்கிலுள்ள சனல்களின் பட்டியலையும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது கொழும்பு நிறுவனத்தின் முறையான இணைப்பு, என் பெயரில்தான். பழுது சொல்லி இரண்டு கிழமை. "நாளைக்கு ஆள் வரும்" என்பதுதான் தினமும் பதில். ஆள் வராத நாட்களுக்கும் ரீலோட் காசு தேய்கிறது. (வாசகர், மாங்குளம்)

பதில்: உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, பெயர் உங்களுடையது. தொலைபேசியில் பேசுவது காற்றோடு போகும். அடுத்த முறை எடுக்கும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள், அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் பேசும் ஒருவரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், அரைகுறைச் சிங்களத்தில் "டிஷ் வேலை செய்யவில்லை" என்பதற்கு மேல் விளக்க முடியாமல் போனதால்தான் பல பழுதுகள் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று மூடப்படுகின்றன. வருகைக் கட்டணம் எவ்வளவு, உத்தரவாதக் காலத்துக்குள் அது உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். வந்தவர் வாசலில் நின்று தொகை சொல்வது பிறகு வாக்குவாதத்தில்தான் முடியும்.

படம் இல்லாத நாட்களை எண்ணி, அத்தனை நாள் காலத்தை நீட்டித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பவருக்குக் கிடைப்பதுண்டு, கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. பதில் இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900. அங்கே போகும்போது நிறுவனத்திடம் முதலில் முறையிட்ட இலக்கமும் திகதியும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பக்கேஜ் விலை ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் எந்தச் சனலுக்காக எடுத்தோமோ அதைச் சொல்லாமல் கொள்ளாமல் கூடின விலைப் பக்கேஜுக்கு மாற்றிவிட்டார்கள். இது சரியா? (வாசகி, மல்லாவி)

பதில்: விலை ஏறியதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. வெளிநாட்டுச் சனல்களுக்கு வெளிநாட்டுக் காசில்தான் கொடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாய் அளவிலிருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. ஆனால் சனலைச் சத்தமில்லாமல் இடம் மாற்றுவது வேறு விடயம். ஒப்பந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "சனல்களை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், அதைக் காட்டித் தப்பிவிடுவார்கள். சட்டப்படி அதிகம் ஆடமுடியாது, பணப்பையால் ஆடலாம்.

ஒரு கிழமை வீட்டில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். இரவு நாடகம் இரண்டு, செய்தி, பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், மச் நடந்தால் கிரிக்கெட். நூறு சனலில் தேறுவது ஏழெட்டுத்தான். அவை இருக்கும் மிகச் சின்னப் பக்கேஜுக்கு இறங்குங்கள். உள்ளூர்ச் சனல்களுக்குக் காசே வேண்டாம். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே கொக்காவிலில் நிற்கிறதே, 2011இல் திறந்த 170 மீற்றருக்கு மேற்பட்ட கோபுரம், அது உங்களுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். சாதாரண அன்டெனா ஒன்றை அந்தப் பக்கம் திருப்பினால் உள்ளூர்ச் சனல்கள் மாதக் காசில்லாமல் வரும். வசந்தம், சக்தி, நேத்ரா என்று எவை எடுபடும் என்பதை அக்கம்பக்கத்தில் அன்டெனா வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாடகம் பார்ப்பவருக்கு இது மாற்றீடு ஆகாது, தெரியும். ரீலோட் பண்ண வசதியில்லாத மாதம் செய்தியாவது ஓடும்.

கேள்வி: மார்ச் மாதத்தில் சில நாட்கள் தொடர்ந்து ஒரே நேரத்துக்குப் படம் போனது, சில நிமிடத்தில் வந்தது. மழையும் இல்லை. செப்டம்பரிலும் அப்படித்தான். பெட்டி பழுதா? (வாசகர், பூநகரி)

பதில்: பழுதில்லை. வருடத்தில் இரண்டு தடவை சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து போகும். அந்த நிமிடங்களில் சூரியனின் இரைச்சலில் செய்மதியின் சிக்னல் அமுங்கிவிடும். காலையா பின்னேரமா என்பது உங்கள் டிஷ் எந்தச் செய்மதியைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கென்று ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இடிமின்னலில் பெட்டியும் ரீவியும் சேர்ந்து போய்விட்டன. உத்தரவாதம் முடியவில்லை, ஆனால் மாற்றித் தர மறுக்கிறார்கள். (வாசகர், நெடுங்கேணி)

பதில்: மின்னல் சேதத்தை உத்தரவாதத்திலிருந்து கழித்துத்தான் அநேகமாக எல்லா அட்டைகளும் அச்சாகின்றன, உங்கள் அட்டையையும் பாருங்கள். எழுதியிருந்தால் வாதாடிப் பயனில்லை. சித்திரை, ஐப்பசி மாதப் பின்னேரங்களில் வானம் குமுறத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுகிறோம், டிஷ் வயரை விட்டுவிடுகிறோம். மின்னல் அந்த வழியாலும் உள்ளே வரும். பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: லண்டனிலுள்ள மருமகன் இன்ரநெற்றில் ஓடும் பெட்டி ஒன்று அனுப்பப் போகிறாராம். டிஷ்ஷே தேவையில்லை, வருடம் ஒருமுறை கட்டினால் உலகத்துத் தமிழ்ச் சனல் எல்லாம் வருமாம். இருக்கிற இணைப்பை வெட்டிவிடலாமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: வெட்டாதீர்கள் அக்கா, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெட்டிகளில் பல, சனல் உரிமையாளருக்குச் சல்லிக்காசு கொடுக்காமல் ஓடுபவை. ஒருநாள் சேவரை முடக்கினால் கட்டிய வருடக் காசோடு போய்விடும், முறையிட ஒரு முகவரிகூட இருக்காது. அதோடு, அது குடிக்கும் டேற்றாக் காசு உங்கள் தலையில்தான். சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தாலே அரை ஜிபிக்கு மேல் போகலாம். மருமகன் அன்பாக அனுப்புவதை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. முதல் மாதத்துக்கு மட்டும் கட்டச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு நெற் எந்த வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதுவரை டிஷ் கூரையில் இருக்கட்டும்.