எல்லையில் வீடு இருந்தால் இரண்டு பக்கமும் ஆடலாமா?

கேள்வி: எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம். மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். பாலக்காட்டில் ஒரு கால்பந்து அகாடமியில் 4 வருடமாக ஃபார்வர்டாக (முன்வரிசையில் கோல் அடிப்பவனாக) ஆடுகிறான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு ஏஜென்ட், அங்கே ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டு அப்புறம் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ட்ரையலுக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறார். 5 வருட ஒப்பந்தமாம். என்ஓசி (தடையில்லாச் சான்று), பதிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார். எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு ஃபிஃபா (உலகக் கால்பந்து அமைப்பு) சலுகை இருப்பதால் அகாடமியை விடாமலேயே இரண்டு மாநிலத்திலும் ஆடலாம் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே ரசீது கேளுங்கள்.

முதலில் அந்த 50 கிலோமீட்டர் கதை. சித்தூர் தாலுகாவில் இந்தக் கதையோடு என்னிடம் வரும் குடும்பம் நீங்கள் மட்டும் அல்ல, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. 18 வயது ஆகாத பையனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றக் கூடாது என்று ஃபிஃபா தடை வைத்திருக்கிறது. அந்தத் தடைக்குள் ஒரு விலக்கு உண்டு. பையனின் வீடு நாட்டின் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவன் சேரும் கிளப் பக்கத்து நாட்டில், அதே எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கிளப்புக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பையன் சொந்த வீட்டில்தான் தங்க வேண்டும். இரண்டு நாட்டுச் சங்கங்களும் சம்மதிக்க வேண்டும்.

கவனியுங்கள், இதில் எல்லை என்றால் நாட்டின் எல்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டோ வாளையாரோ ஃபிஃபாவின் கணக்கில் எல்லையே கிடையாது. கேரளச் சங்கம், தமிழ்நாட்டுச் சங்கம் இரண்டுமே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்குக் கீழே இருப்பவை. ஃபிஃபாவைப் பொறுத்தவரை கொழிஞ்சாம்பாறையும் கோயம்புத்தூரும் ஒரே சங்கத்தின் வீட்டுக்குள் இரண்டு அறைகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விலக்கு பொருந்துகிற நாடுகளில்கூட, பையன் ஒரு பக்கத்தை விட்டுவிட்டுத்தான் மறுபக்கம் போகிறான். இரண்டு பக்கமும் ஆட அது அனுமதிக்கவே இல்லை. ஒரு வீரர் ஒரு நேரத்தில் ஒரு கிளப்பில்தான் பதிவில் இருக்க முடியும். ஒரு சீசனில் அதிகபட்சம் 3 கிளப்பில் பதியலாம், அதில் 2 கிளப்புக்குத்தான் ஆட முடியும். ரகசியமாக இரண்டு இடத்தில் ஆடி மாட்டிக்கொண்டால் தடை விழுவது உங்கள் மகன் மேல். ஏஜென்ட் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

அடுத்து 5 வருடம். 18 வயதுக்குக் கீழே உள்ள வீரருக்கும் கிளப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் 3 வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் காலத்தை ஃபிஃபா ஏற்பதில்லை. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். அவர் நீட்டும் காகிதம் கிளப் ஒப்பந்தம்தானா? பல நேரம் அது ஏஜென்ட்டுக்கும் குடும்பத்துக்கும் இடையே எழுதப்பட்ட பத்திரமாக இருக்கும். "இனி எந்த கிளப்புக்குப் போனாலும் எனக்கு இத்தனை சதவீதம்" என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அப்படிப்பட்ட பத்திரத்துக்கு ஃபிஃபா வைத்திருக்கும் உச்ச வரம்பு 2 வருடம். மேலே கிளப் பெயர் இருக்கிறதா, கீழே கிளப் பொறுப்பாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெற்று முத்திரைத்தாளில் தகப்பன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போன ஒரு ஆளால் மீனாட்சிபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு முழு சீசன் எந்த அணியிலும் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். அந்தக் கேஸ் என்னிடம்தான் வந்தது. ஃபார்வர்டுக்கு 18 வயதில் ஒரு சீசன் போவது சின்ன இழப்பு இல்லை.

லைசென்ஸ் கேளுங்கள். 2023 முதல் ஏஜென்ட் வேலைக்கு ஃபிஃபாவின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் பெற்றவர்களின் பெயர்கள் ஃபிஃபாவின் இணையதளத்தில் இருக்கின்றன, உங்கள் மகனே போனில் தேடிப் பார்த்துவிடலாம். சிறுவர்களுக்கு ஏஜென்ட்டாக இருக்க அதற்கென்று தனிப் பாடமும் முடித்திருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பையனை அணுகவே கூடாது. இவர் உங்கள் மகனை மைதானத்தில் வைத்து முதலில் பேசினாரா, உங்களிடம் பேசினாரா? அதிலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம். உண்மையான ஏஜென்ட்டின் பணம் வீரருக்குச் சம்பளம் வந்த பிறகு அதிலிருந்துதான் போகும். முன்கூட்டிப் பணம் கேட்பவரை ஏஜென்ட் என்று சொல்லாதீர்கள், புரோக்கர் என்று சொல்லுங்கள்.

என்ஓசிக்கு ஒன்றரை லட்சம் என்பதற்கு அடிப்படையே இல்லை. பதிவு மாற்றம் இன்றைக்கு சம்மேளனத்தின் கணினி முறையில், கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையே நடக்கிறது. அதற்கான கட்டணம் சேர்த்துக்கொள்கிற கிளப்பின் கணக்கு. பையனை வளர்த்த அகாடமிக்குப் பயிற்சித் தொகை சேர வேண்டியிருந்தாலும் அதைப் புது கிளப்தான் கொடுக்க வேண்டும், குடும்பம் அல்ல. இவ்வளவு சின்ன விஷயத்தை மைதானத்துச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்ட எத்தனை ரூபாய் ஆகும்? விதி முழுக்க இங்கிலீஷில் கிடக்கிறது. படிக்க முடியாத தகப்பன்தான் புரோக்கருக்குச் சோறு போடுகிறார். சங்கங்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஐஎஸ்எல் ட்ரையல் என்று சொன்னாரே, அதையும் பார்ப்போம். 2014-ல் தொடங்கிய அந்த லீகில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை 2025 வரை ஒரு இந்தியர்கூட வாங்கவில்லை. கிளப்கள் ஒன்பதாம் நம்பர் சட்டைக்கு, அதாவது கோல் அடிக்கும் ஃபார்வர்டின் இடத்துக்கு, வெளிநாட்டுக்காரரைத்தான் தேடுகின்றன. நம் பையன்கள் பெஞ்சில் இருப்பார்கள், இல்லாவிட்டால் விங்குக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்துக்கு, தள்ளப்படுவார்கள். 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைத்தார்கள். அடுத்த ஃபார்வர்டை நாம் வளர்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2025 ஜூலையில் அந்த லீகே நிறுத்திவைக்கப்பட்டு, சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தியதையும் பார்த்தோம். 2024-ல் வந்த சூப்பர் லீக் கேரளாவில் 6 அணிகள். பாலக்காட்டுக்கு ஒன்றுகூட இல்லை.

அதனால் நாளைக்கு நல்ல கிளப் ஒன்று வந்தாலும், ஃபார்வர்டின் ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். "சம்பளம் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் போனஸ்" என்பார்கள். களத்தில் இறக்கினால்தானே கோல்? அடுத்து, அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதையும் இழந்தார். பெரிய கிளப்பில் இருந்தவர் அவர். சின்ன கிளப்பில் இருக்கும் பையனுக்கு அதே அடி பட்டால் வீட்டு நகைதான் அடகுக்குப் போகும். கையெழுத்தான பிறகு கிளப்பைக் கேட்காமல் செவன்ஸ் (ஊர்களில் நடக்கும் ஏழு பேர் ஆட்டம்) ஆடவும் கூடாது. ஒரு ராத்திரிக் காசுக்காக வயலில் போய் முழங்காலை முறித்துக்கொண்டால் கிளப் கைகழுவிவிடும். சம்பளம் 2 மாதம் நின்றுபோனால் 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். அதற்கும் கொடுக்காவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வரலாம். வாட்ஸ்அப் குரலில் கேட்காதீர்கள், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புங்கள்.

இப்போதைக்கு தம்பி அகாடமியிலேயே இருக்கட்டும். பிளஸ் டூ முடித்ததும் நல்ல கால்பந்து அணி இருக்கிற கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முயற்சி செய்யுங்கள். போலீஸ், மின்வாரியம், ரயில்வே அணிகளை மட்டமாக நினைக்க வேண்டாம். இந்திய அணியின் ஃபார்வர்டாக இருந்த ஐ.எம்.விஜயன் வளர்ந்தது கேரள போலீஸ் அணியில்தான். ஃபார்வர்டின் கால் முப்பதைத் தாண்டினால் வேகம் குறையும், வேலை மாதா மாதம் சம்பளம் தரும்.

அந்த ஆள் மறுபடி வந்தால் லைசென்ஸ் எண்ணையும் கிளப்பின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால், அந்த கிளப்புக்கு நீங்களே போன் செய்து, இவரை அனுப்பியது அவர்கள்தானா என்று கேளுங்கள்.