ஜெர்மனி போய் வந்த பையன் மாறிவிட்டான்!

கேள்வி: என் மகன் பி.டெக். மெக்கானிக்கல். மூன்றாம் வருடம் முடிந்த கோடையில் டி.ஏ.ஏ.டி. என்கிற ஜெர்மன் அமைப்பின் உதவித்தொகை கிடைத்து, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக லேபில் இன்டர்ன்ஷிப் முடித்து வந்தான். போகும்போது கேம்பஸில் நல்ல சாஃப்ட்வேர் கம்பெனி கிடைத்தால் போதும் என்றவன், இப்போது பிளேஸ்மென்ட்டுக்குப் பெயரே கொடுக்க மாட்டேன், ஜெர்மனியில் பிஎச்டி பண்ணப் போகிறேன் என்கிறான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். எங்கள் தறிப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வரச் சொன்னால் அவன் அப்பாவோடு சண்டை. இவனுக்கு என்ன ஆயிற்று?
– ஒரு அம்மா, கரூர்

பதில்: அம்மா, தட்டு கழுவுவதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள், பல வீடுகளில் இதற்காக வேண்டுதல் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ஜெர்மன் பல்கலைக்கழக லேப்களை ஒட்டி ஒரு வொர்க்‌ஷாப் இருக்கும். அதில் இருப்பவர் பெரும்பாலும் பட்டம் வாங்கியவர் இல்லை, பள்ளி முடித்து, வேலை பார்த்துக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போய், ‘அவுஸ்பில்டுங்’ என்கிற இரண்டு முதல் மூன்றரை வருடப் பயிற்சியை முடித்தவர். உங்கள் மகன் கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து கொண்டுபோன டிசைனைப் பார்த்து, “உள்மூலையை இவ்வளவு கூர்மையாக வெட்ட மில்லிங் மெஷினில் டூல் கிடையாது, மூலைக்கு ரேடியஸ், அதாவது கொஞ்சம் வளைவு, கொடுத்து மாற்றிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்புவது அவர்தான். புரொஃபசர் கொண்டுபோனாலும் அதே பதில்தான் கிடைக்கும். நம் கல்லூரிகளிலும் முதல் வருடம் ஃபிட்டிங் கிளாஸ் உண்டு, இரும்புத் துண்டை அரம் போட்டு ராவி சதுரமாக்கி மார்க் வாங்கியதோடு சரி, அந்த வொர்க்‌ஷாப் அசிஸ்டென்ட்டிடம் அப்புறம் யாராவது போய் ஒரு சந்தேகம் கேட்டிருப்பார்களா? கைவேலைக்காரர் முன்னால் நின்று திருத்தம் வாங்கிப் பழகியவனுக்கு, தன் தட்டை இன்னொருவர் எடுப்பது கூச்சமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்திலும் நான் உங்கள் மகன் கட்சி. அங்கே ஞாயிறு ஓய்வு நாள் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, 1919-இல் எழுதிய வரி அது, இன்றும் சூப்பர் மார்க்கெட்டெல்லாம் அன்று மூடித்தான் கிடக்கும். ஆனால் வாரம் ஒரு நாள் லீவு விடவேண்டும் என்று நம்முடைய 1948 தொழிற்சாலைச் சட்டமும் சொன்னதுதானே! அவன் அப்பாவிடம் ஜெர்மனியைக் காட்டிப் பேசினால் எரிச்சல்தான் வரும், நம் ஊர்ச் சட்டத்தையே எடுத்துப் பேசச் சொல்லுங்கள்.

சரி, பிஎச்டிக்கு வருவோம். இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். அவன் பார்த்தது கோடைக்கால ஜெர்மனி, ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கிற ஊர். கையில் ரிட்டர்ன் டிக்கெட், செலவுக்கு உதவித்தொகை, லேபில் எல்லோரும் ஆங்கிலம். நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், வீட்டு ஓனரிடமும் அரசு ஆபீஸிலும் ஜெர்மன் தெரியாமல் திண்டாட வேண்டும். பொதுவாக மாஸ்டர்ஸ் முடித்தால்தான் பிஎச்டியில் சேர்ப்பார்கள், ஆகவே அதற்கும் இரண்டு வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தன் பக்கத்து டேபிளில் இருந்த போஸ்ட்டாக்கிடம் (பிஎச்டி முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்) “உங்கள் கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது” என்று கேட்டானா என்று விசாரியுங்கள். 2007-இல் வந்த ஒரு சட்டப்படி, பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சியாளர்களைப் பிஎச்டிக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம், நிரந்தர வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. 2021-இல் ‘இஷ் பின் ஹன்னா’ (நான்தான் ஹன்னா) என்ற ஹேஷ்டேக்கில் அந்த ஊர் ஆராய்ச்சியாளர்களே புலம்பித் தீர்த்தார்கள்.

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதே மெஷின், அதே வேலை கோயம்புத்தூரில் கிடைத்தால் போவாயா? போவேன் என்றால் அவனுக்குப் பிடித்தது வேலை, அப்படியானால் கேம்பஸுக்கு வரும் கோர் கம்பெனிகளுக்காவது, அதாவது மெக்கானிக்கல் வேலையே தரும் கம்பெனிகளுக்காவது, பெயர் கொடுக்கட்டும், பிஎச்டி எங்கேயும் ஓடிவிடாது. தயங்கினால் அவனுக்குப் பிடித்தது ஊர். அது ஒன்றும் தப்பில்லை, ஆனால் ஓர் ஊர் பிடித்திருப்பதற்காக ஆராய்ச்சியில் போய் உட்கார்ந்தால் இரண்டாம் வருடமே கசந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப், சர்டிஃபிகேட்டுடன், இரண்டு லட்சம் என்கிறார் ஒரு ஏஜென்ட். ரெஸ்யூமேவுக்கு வெயிட் கூடுமா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, வேலை செய்கிறவன் காசு கொடுப்பதா? கூடவே கூடாது. இன்டர்வியூவில் “அங்கே என்ன செய்தாய்” என்று ஒரு கேள்வி கேட்டால் அந்த சர்டிஃபிகேட் நிற்காது. டி.ஏ.ஏ.டி.யின் வைஸ், கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் மாதிரித் திட்டங்களில் அவர்கள்தான் உனக்குப் பணம் தருவார்கள், எந்தெந்தக் கல்லூரிக்கு உண்டு என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள். வைஸுக்கு நீயேதான் புரொஃபசருக்கு எழுதி அழைப்புக் கடிதம் வாங்கவேண்டும். அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு எழுது. நூறு பேருக்கு ஒரே மெயிலை ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தட்டிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள், அதில் சில பேர் பெண் புரொஃபசர்கள்!

கேள்வி: நானும் இந்தக் கோடையில் உதவித்தொகை கிடைத்து பெர்லினில் இன்டர்ன்ஷிப் செய்தேன். வயதானவர்கள் குப்பைத்தொட்டியில் பாட்டில் தேடுவதைப் பார்த்தபின் அந்த ஊர் மேல் இருந்த மயக்கம் போய்விட்டது. இங்கேயே வேலை தேடப்போகிறேன். ‘கிடைத்த சான்ஸை விட்டுவிட்டாயே’ என்று சொந்தக்காரர்கள் துளைக்கிறார்கள்.
– மாணவி, மதுரை

பதில்: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் இல்லையா, பென்ஷன் போதாதவர்களுக்கு அது ஒரு வரும்படி. தொட்டிக்குள் அவர்கள் கைவிட வேண்டாமே என்று பாட்டிலை வெளியே ஓரமாக வைத்துவிட்டுப் போகிறவர்களும் அதே பெர்லினில் உண்டு, அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

மற்றபடி உன் முடிவில் ஒரு குறையும் இல்லை. பிடிக்கவில்லை என்பதை லட்சக்கணக்கில் கல்விக் கடன் வாங்கி எம்.எஸ். சேர்ந்தபிறகு கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், உனக்கு அது உதவித்தொகையிலேயே தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் அடுத்த கல்யாணம் வரை இதைப் பேசுவார்கள், அப்புறம் வேறு விஷயம் கிடைத்துவிடும். அங்கே இருந்த புரொஃபசரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் இந்த வாரமே மெயில் போடு. நீ செய்த வேலை அவருக்கு ஞாபகம் இருக்கும்போது எழுதினால்தான் உருப்படியாக எழுதுவார், இங்கே வேலை தேடவும் அது உதவும்.