ரெண்டு சன்ஸ்கிரீன், எதைப் பூசுவது?

கேள்வி: காரிமங்கலத்திலிருந்து தர்மபுரிக்கு தினமும் ஸ்கூட்டியில் போகிறேன். ஒரு சன்ஸ்கிரீனில் சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. இன்னொன்றில் அவோபென்சோன், ஆக்டினாக்சேட். இரண்டிலும் எஸ்பிஎஃப் 50. எனக்கு எதைப் போட்டாலும் முகம் சட்டென்று எரியும். எது நல்லது?
- வாசகி, காரிமங்கலம்

பதில்: யோசிக்காமல் சிங்க் ஆக்சைடு உள்ளதையே எடுங்கள், எரிச்சல் வரும் சருமத்துக்கு அதுதான் பொதுவாக ஒத்துப்போகும். எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் வெயிலில் சருமத்தைச் சிவந்து எரிய வைக்கும் யுவிபி கதிரைப் பற்றித்தான் சொல்லும். சருமத்தைச் சுருங்க வைக்கும் யுவிஏ கதிருக்கு டப்பாவில் 'பிஏ' பக்கத்தில் எத்தனை பிளஸ் இருக்கிறது என்று பாருங்கள். அவோபென்சோன் யுவிஏ கதிரை நன்றாகவே தடுக்கும், ஆனால் வெயில் பட்டால் சிதையும், ஆக்டினாக்சேட் கூட இருந்தால் இன்னும் சீக்கிரம். அதைச் சிதையாமல் காக்கும் ஆக்டோகிரிலீன் சேர்த்திருந்தால் பரவாயில்லை, தாக்குப்பிடிக்கும்.

சிங்க் ஆக்சைடில் ஒரு தொல்லை, நம்ம மாநிறத்தில் சாம்பல் பூசினாற்போல் வெளுப்பாகத் தெரியும். அதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த, சரும நிறத்திலேயே வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள், மங்கு இருப்பவர்களுக்கும் அது நல்லது.

அப்புறம் அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் புறங்கைக்குத் தனியாக.