ஊராட்சித் தேர்தல் எங்கே போச்சு? – கேள்வி பதில்

மலேசியாவில் குடிமக்கள் ஆட்சியில் பங்கெடுக்கும் வழிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்டவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

செந்தூல்: பினாங்கில் இருக்கும் தம்பிக்கு இரண்டு ஓட்டு. எனக்கு ஏன் ஒன்று?
கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம். சட்டமன்றம் கிடையாது, அதற்கான ஓட்டும் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகள், அவ்வளவுதான். மேயரும் நியமனம். புத்ராஜெயா, லாபுவான்காரர்களுக்கும் இதே கதிதான்.

பிறை: மகனுக்கு 18 வயது. வாக்காளராக எங்கே பதிவது?
பதியவே வேண்டாம். 2021 டிசம்பர் 15 முதல் அது தானாக நடக்கிறது. ஆனால் அடையாள அட்டை முகவரியை வைத்துத்தான் தொகுதி. வீடு மாறியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை.

பாயான் லெப்பாஸ்: ஆஸ்திரேலியா மாதிரி கட்டாய ஓட்டு இங்கே வருமா?
வரும் என்று தோன்றவில்லை. அங்கே 1924 முதல் இருக்கிறது. போடாதவருக்கு 20 டாலர் அபராதம்.

ஜெலுத்தோங்: மாநகர் மன்றக் கவுன்சிலரை நாம் ஏன் தேர்ந்தெடுக்க முடிவதில்லை?
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஜார்ஜ் டவுன் 1951-லேயே நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்ட ஊர். 1957-இல் மாநகரமானதும் முதல் மேயர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ்.இராமநாதன். அவர் பெயரில் சாலையே இருக்கிறது, அதில் போகிறவர்களில் பாதிப்பேருக்கு அவர் யாரென்று தெரியாது. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி ஊராட்சித் தேர்தலை, அதாவது நகர, மாநகர் மன்றங்களுக்கான தேர்தலை, நிறுத்தினார்கள். தற்காலிகமாகத்தான் என்றார்கள்! ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே 1968-இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976-இன் ஊராட்சிச் சட்டம் 15-ஆம் பிரிவில் தேர்தலுக்குக் கதவைச் சாத்திவிட்டது. கவுன்சிலர்கள் நியமனம்தான். பினாங்கு 2012-இல் தனியாக ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: சார், தேர்தல் வந்தால் நமக்குத்தான் நஷ்டம். நியமனத்தில் கட்சி ஒதுக்கீட்டிலாவது இரண்டு இந்தியர் உள்ளே போகிறார்கள்.
ஒதுக்கீட்டில் போனவர் பெயர் போட்டுக் கொடுத்த தலைவருக்குத்தான் பதில் சொல்வார். உங்கள் வீட்டுச் சாக்கடை அடைத்தால் அவருக்கென்ன? இராமநாதன் மேயரான ஊரில் சீனர்கள்தான் பெரும்பான்மை.

ஜெலுத்தோங்: அது தொழிலாளர் கட்சி காலம், ஐயா. இன்று அப்படி நடக்குமா?
நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரு வட்டாரத்துக்கு ஒரே ஆள் என்ற முறை எனக்கும் பிடிக்காது. வாங்கிய ஓட்டின் விகிதப்படி இடம் கொடுத்தால் சிறுபான்மைக்கும் வழி உண்டு.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அப்போதும் பட்டியல் போடுவது கட்சிதானே?
ஆமாம். ஆனால் அந்தப் பட்டியலை நீங்கள் தோற்கடிக்கலாம். நியமனப் பட்டியலை என்ன செய்வீர்கள்?

செராஸ்: சுவிட்சர்லாந்தில் மக்களே சட்டத்தைத் தடுக்கலாமாமே?
தடுக்கலாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்தால் பொது வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அரசியல் சாசனத்தைத் திருத்தக் கோருவதென்றால் 18 மாதத்தில் ஒரு லட்சம். நமக்கு அந்த வழி இல்லை.

புக்கிட் மெர்தாஜாம்: மகளுக்கு 18 ஆகிறது, எங்கே பதிய வேண்டும்?
பிறைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். முகவரி, முகவரி!

பிரிக்ஃபீல்ட்ஸ்: இராமநாதனைப் பற்றி இன்னொரு கேள்வி...
போதும் தம்பி, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஆயர் ஈத்தாம்: என்னிடம் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. எனக்கு ஒன்றுமே இல்லையா?
ஓட்டு இல்லை, அக்கா. ஆனால் வீடு உங்கள் பெயரில் இருந்தால் சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டுவது நீங்கள்தானே? அந்த வரிக்கான மதிப்பீட்டுப் பட்டியல் புதுப்பிக்கும்போது ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். மன்றத்தின் முழுக் கூட்டமும், அவர்களே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, பொதுமக்களுக்குத் திறந்ததுதான், அதே ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. வாசலில் தடுத்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.